ஓட்டுநரில்லா ஊர்தி வழிநடப்பாரோடு பேசுமாறு

மொழியென்பது வாயினாற் பேசப்படுவதொன்றே எனப் பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. கண்ணும் கையும் முகமும் நடையும் பேசுகின்ற பேச்சுக்கள் பல உள. இதனை நன்குணர்ந்த தொல்காப்பியனார், உள்ளத்தே நிகழ்வன உடலின்கண் புலப்படும் முறையை ஆராய்தற்கென்றே மெய்ப்பாட்டியல் என ஓர் இயலை வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அவற்றை எட்டாகப் பகுத்துக் காட்டினார். சொல்லின்றியே பொருளுணர்த்தும் இவ்வாற்றல் செய்யுளுக்கு மட்டும் உரியதன்று. நாடோறும் நாம் சாலையைக் கடக்கும்பொழுதும் அது தொழிற்படுகின்றது. கடக்க நிற்பவன் வண்டியோட்டுவான் முகத்தை நோக்குகின்றான். ஓட்டுவானும் அவனை நோக்குகின்றான். ஒருவன் தலையசைக்க மற்றவன் அடியெடுத்து வைக்கின்றான். ஒரு நொடிக்குள் வினாவும் விடையும் முடிந்துவிடுகின்றன. அவ்வண்டியில் ஓட்டுவான் ஒருவனே இல்லையாயின், அவ்வினாவுக்கு விடை சொல்வார் யார்? இதனையே ஈண்டு ஆராயப் புகுந்தனம்.

இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களமாக ஸ்ரீபெரும்புதூரையும் அதனையடுத்த ஒரகடத்தையும் கொள்கின்றோம். ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் தோன்றிய ஊராதலின் வைணவ உலகிற் பழம்புகழ் படைத்தது. அதனோடு புதுப்புகழொன்றும் முப்பதாண்டுக் காலத்துள் அவ்வூர்ப் பக்கத்தைச் சேர்ந்தது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை மோட்டார் கார்களைச் செய்து வெளியிடத் தொடங்கிற்று. 2010இல் ரெனோவும் நிசானும் கூடி ஒரகடத்தில் ஓர் ஆலையைத் திறந்தன. 2012இல் டைம்லர் நிறுவனத்தார் அங்கேயே பாரத்பென்ஸ் என்னும் லாரிகளைச் செய்யலாயினர். 2013இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை ஒரகடத்தில் எழுந்தது. இங்ஙனம் செய்யப்படும் வண்டிகளை ஓட்டியும் மோதியும் சோதித்துப் பார்த்தற்குரிய ஜி.ஏ.ஆர்.சி. எனப்படும் நடுவணரசின் வாகன ஆராய்ச்சி நிலையமும் ஒரகடத்திலேயே உளது. சென்னையினின்றும் பெங்களூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், வண்டலூரினின்று வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கபெருமாள்கோயிலினின்று ஸ்ரீபெரும்புதூருக்கு வரும் சாலையும் இவ்வாலைகளுக்கு நரம்புகள் போல்வன.

இச்சாலைகளை நடந்து கடப்பார் யாவர் என்பதனையும் நோக்குதல் வேண்டும். ஷிப்டு மாறும் வேளைகளில் ஆலைப் பஸ்களினின்று இறங்கும் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்திற் சாலையின் இப்புறமிருந்து அப்புறம் செல்லுகின்றனர். அவருள் தென்மாவட்டங்களினின்று வந்து விடுதியிற் றங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் உளர். பீகார், ஒடிசா, அசாம் முதலிய நாடுகளினின்று பிழைப்பு நாடி வந்தோரும் உளர். இவரோடு, சாலைக்கு அப்பாலுள்ள தம் நிலத்துக்கு ஆடுமாடுகளை ஓட்டிச் செல்லும் ஊர்மக்களும், பள்ளிப் பிள்ளைகளும், தலைச்சுமையோடு சந்தைக்குப் போகும் மூதாட்டியரும் கூடுவர். கார்கள் பிறக்கும் ஊரிலே காரில்லாதவரே மிகுதியும் சாலையைக் கடக்கின்றனர் என்பது நினைக்கற்பாலது.

அங்ஙனம் கடத்தல் எத்துணை இடருடையது என்பதை அரசாங்கத்தார் வெளியிட்ட கணக்கே காட்டும். 2022ஆம் ஆண்டில் இந்தியாவிற் சாலை விபத்துக்களால் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் நடந்து சென்றோர் 32,825 பேர். அஃதாவது ஐவரில் ஒருவர் எனலாம். அவ்வாண்டில் தமிழ்நாட்டில் மட்டும் நிகழ்ந்த விபத்துக்கள் 64,105. இவ்வெண்ணிக்கையில் தமிழ்நாடே இந்திய நாடுகளுள் முதலிடம் பெற்றது. முதலிடம் பெறுதற்கு நாணவேண்டிய துறைகளும் உளவென்பது இதனாற் பெறப்படும். ஆதலின் வண்டிக்கும் வழிநடப்பாருக்கும் இடையே நிகழும் பேச்சு வேடிக்கைக்குரிய பொருளன்று. உயிரைப் பற்றிய பொருளாம்.

இனி, ஓட்டுநரில்லா ஊர்தி என்பது யாது என்று சிறிது விளக்குவாம். வண்டி தானே தன்னைச் செலுத்தும் ஆற்றலை அறிஞர் சுழி முதல் ஐந்து வரை ஆறு படிகளாகப் பகுத்துள்ளனர். சுழிப்படியில் எல்லாவற்றையும் மனிதனே செய்வான். இரண்டாம் படியில் வண்டி தானே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் திருப்பியும் செல்லும். ஆயினும் மனிதன் கண் இமையாது காத்திருத்தல் வேண்டும். நான்காம் படியில் குறித்த எல்லைக்குள் மனிதன் உதவியே வேண்டுவதில்லை. ஐந்தாம் படியில் எவ்விடத்தும் வேண்டுவதில்லை. அமெரிக்காவிற் சான் பிரான்சிஸ்கோ, பீனிக்ஸ் முதலிய நகரங்களில் வேமோ நிறுவனத்தின் வாடகைக் கார்கள் ஓட்டுவாரின்றியே ஓடுகின்றன. நம் நாட்டிலோ, ஓட்டுநர் பலர் பிழைப்பை இழப்பர் என்னுங் காரணங் காட்டி, இத்தகைய கார்களை அநுமதியோம் என்று நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023இல் வெளிப்படக் கூறினார்.

அங்ஙனமாயின் இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை எனின், கூறுதும். இரண்டாம் படிக்குரிய கருவிகள் ஏற்கெனவே நம்மிடையே வந்துவிட்டன. இருங்காட்டுக்கோட்டையிற் செய்யப்படும் வெர்னா காரில் 2023இலும், கிரெட்டா காரில் 2024இலும் முன்னே வருவாரைக் கண்டு தானே பிரேக் பிடிக்கும் பொறி அமைக்கப்பட்டது. மேலும், ஓட்டுநரில்லா ஊர்தி வழிநடப்பாரோடு எங்ஙனம் பேசவேண்டும் என்று முதன்முதல் மாதிரிகள் செய்து காட்டிய நிறுவனங்களுட் சில, ஒரகடத்தில் ஆலை அமைத்த நிறுவனங்களே. பேசும் முறை வேறு நாட்டில் வகுக்கப்பட்டு முடிந்தபின் அது நம் சாலைக்கு ஆயத்தப் பொருளாய் வந்து சேருமாயின், அதனைப் புரிந்துகொள்ளும் பாரம் நம் நடைமக்கள் தலையில் விழும். வருமுன்னர் ஆராய்தலே அறிவுடைமை.

முதலில், ஓட்டுவானும் நடப்பானும் இந்நாளிற் பேசும் மொழியைக் காண்போம். பழைய சாலை விதிகளிற் கைக்குறிகள் விரிவாக வகுக்கப்பட்டிருந்தன. 1989ஆம் ஆண்டின் விதிகளின்படி, வேகத்தைக் குறைப்பவன் வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, மேலும் கீழும் அசைத்துக் காட்டுதல் வேண்டும். பின்னர்க் கையின் வேலையை விளக்குகள் மேற்கொண்டன. விதியில் எழுதப்படாத குறிகளும் பல உள. கண்டக்டர் ஒரு விசில் ஊதினாற் பஸ் நிற்கும். இரண்டு ஊதினாற் புறப்படும். லாரியின் பின்புறத்தில் ஒலி எழுப்புமாறு வேண்டும் எழுத்துக்கள் உள. சாலையைக் கடக்கும் நம் மக்களோ, ஓடிவரும் வண்டியை நோக்கி உள்ளங்கையை உயர்த்திக் காட்டியவாறே நடப்பர். அக்கை கட்டளையும் ஆகும், வேண்டுகோளும் ஆகும், அதனை உயர்த்தும் விதத்தானே வேறுபாடு விளங்கும்.

ஒரு குறி எல்லா நாட்டிலும் ஒரு பொருளே தரும் என்று கொள்ளற்க. முன்விளக்கை ஒருமுறை மின்னக் காட்டுதலை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் அதனைப் பெரும்பாலார் “நீர் செல்லலாம், யான் பொறுப்பேன்” என்னும் பொருளில் வழங்குகின்றனர். நம் நெடுஞ்சாலைகளில் அதற்குப் பொருள் “யான் வருகின்றேன், விலகுக” என்பதாம். ஒரே ஒளி, பொருள்களோ ஒன்றற்கொன்று மறுதலை. லண்டனிற் பழகிய ஒளிக்குறியை அப்படியே ஒரகடத்துக்குக் கொண்டுவந்தால் விளைவு யாதாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஒரு சொல் திசைதோறும் பொருள் வேறுபடுதலைத் திசைச்சொல் பயில்வார் அறிவர். குறிகளுக்கும் அவ்வேறுபாடு உண்டென்பது இதனால் துணியப்படும்.

இது நிற்க. பேசுமுன் காணவேண்டும் அன்றோ? ஓட்டுநரில்லா ஊர்தி மூவகைப் பொறிகளாற் காண்கின்றது. முதலாவது, கேமரா, இது நிறத்தையும் உருவத்தையும் அறியும். இரண்டாவது, ரேடார், இது வானொலி அலைகளை விடுத்து அவை மீண்டு வருதலைக் கொண்டு பொருளின் தொலைவையும் வேகத்தையும் அறியும், இருளும் மழையும் இதனை மிகுதியும் தடுப்பதில்லை. மூன்றாவது, லைடார், இது கண்ணுக்குப் புலனாகாத லேசர் ஒளித்துடிப்புக்களை வீசிச் சுற்றுப்புறத்தின் வடிவத்தைப் புள்ளிகளாக வரைந்துகொள்ளும். இம்மூன்றுங் கொணர்ந்த செய்தியைக் கம்ப்யூட்டர் தொகுத்து, “இது மரம், இது மாடு, இவன் மனிதன்” எனப் பெயரிட்டு, அடுத்த சில நொடிகளில் ஒவ்வொன்றும் எங்கே இருக்கும் என்று கணக்கிடுகின்றது.

இக்காட்சியில் நேர்ந்த பிழையொன்று உலகத்தாரை நடுங்கச் செய்தது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் அரிசோனா நாட்டு டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு மாதின்மேல் ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார் மோத, அவர் இறந்தார். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தார் ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு ஊன்றி நோக்கற்குரியது. மோதுதற்கு 5.6 நொடிகட்கு முன்னரே பொறிகள் அவரைக் கண்டுவிட்டன. கண்டும், வண்டியென்றும் வேறு பொருளென்றும் சைக்கிளென்றும் மாறி மாறிப் பெயரிட்டன. பெயர் மாறுந்தோறும் அவர் அதுகாறும் நடந்த வழியைக் கணக்கினின்றும் நீக்கிவிட்டன. கடத்தற்குரிய இடமல்லாத இடத்தில் ஒருவர் கடப்பார் என்னும் எண்ணமே அவ்வமைப்பில் வைக்கப்படவில்லை. காரிலிருந்து கண்காணிக்க வேண்டியவரும் சாலையை நோக்கியிருந்திலர்.

எருசலேமினின்று எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைப் பற்றி நம் ஆண்டவர் அருளிய உவமையை யாவரும் அறிவர். ஆசாரியனும் லேவியனும் அவனைக் காணாதவர் அல்லர். கண்டு விலகிப் போனவர். சமாரியன் ஒருவனே அவனை அயலானாகக் கண்டான். காண்டல் வேறு, அயலானாகக் காண்டல் வேறு. டெம்பி நகரில் நிகழ்ந்ததும் அத்தகையதே. பொறியின் கண்ணிற் குறையில்லை. கோடு வரைந்த இடத்திற் கடப்பவரே கடப்பவர் என்று அதற்குக் கற்பித்தவர் எண்ணத்திலேதான் குறை. ஒரகடத்துச் சாலைகளிற் கோடில்லாத இடத்தே கடப்பாரே பலர். அவரை விதி மீறியவர் என்று தள்ளிவிடும் வண்டி, நம் சாலைக்கு எவ்வாற்றானும் ஏற்றதன்று.

இனிப் பேசும் முறைகளைக் காண்போம். அவற்றை ஒளி, எழுத்து, ஓவியம், கண், ஒலி என ஐந்தாக வகுத்துக்கொள்ளலாம். 2015ஆம் ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் நிசான் நிறுவனத்தார் ஐ.டி.எஸ். என்னும் மாதிரிக் காரொன்றைக் காட்டினர். அதன் பக்கவாட்டில் நீண்டதொரு ஒளிப்பட்டை உண்டு. அருகே நடப்பாரையோ சைக்கிளில் வருவாரையோ கண்டவுடன் அது வெண்மையாய் ஒளிர்ந்து, “உம்மை அறிந்துகொண்டேன்” என்று உணர்த்தும். அன்றியும், முன்கண்ணாடியின் உட்புறத்தே வெளிநோக்கிய பலகையொன்றில், தாங்கள் முதலிற் செல்க என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் தோன்றும். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தார் எப் 015 என்னும் மாதிரியைக் காட்டியிருந்தனர். அது நடப்பாரைக் கண்டு நின்று, தன் முன்னே தரையின்மேல் லேசர் ஒளியால் ஜீப்ரா கோடுகளை வரைந்து காட்டும். இஃது ஓவிய முறை.

2017இல் போர்டு நிறுவனத்தாரும் வர்ஜீனியா டெக் நிலையத்தாரும் செய்த சோதனை நகைச்சுவை கலந்தது. ஓட்டுவாரை இருக்கை போலவே தைத்த உடையினுள் மறைத்து, காண்பாருக்குக் கார் ஆளின்றி வருவது போலத் தோன்றச் செய்தனர். முன்கண்ணாடியின் மேல் விளிம்பிற் பொருத்திய விளக்கில், வழிவிடும்பொழுது இரண்டு வெண்புள்ளிகள் இடம் வலமாக அசையும். புறப்படும்பொழுது விரைந்து மின்னும். ஏறத்தாழ 1,800 மைல் தூரம் நகரச் சாலைகளில் ஓட்டி மக்கள் ஒழுகும் முறையைக் குறித்தனர். 2018இல் ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனத்தார் சிறு ஊர்திக்குப் பெரிய கண்கள் இரண்டு வைத்து, கடப்பாரை அக்கண்கள் நோக்குமாறு செய்தனர். 2022இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்தாரும் அசையும் கண்களைச் சிறு வண்டியொன்றுக்குப் பொருத்தி, 18 பேரைக் கொண்டு நிழலுலகக் கருவியிற் சோதித்தனர். வண்டி தம்மைப் பார்க்கின்றதா இல்லையா என்பது தெரிந்தவழி இடரான கடப்புக்கள் குறைந்தன என்று கண்டனர். மெய்ப்பாடுகள் எல்லாம் கண்ணானும் செவியானும் உணரப்படுவன என்பார் கொள்கைக்கு இது புதியதொரு சான்று போலும்.

ஒளியின் நிறத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. சிவப்பு நிற்றலுக்கும், மஞ்சள் திரும்புதலுக்கும், பச்சை செல்லுதலுக்கும், நீலம் போலீசு வண்டிக்கும் உரியனவாகிவிட்டன. எஞ்சிய நிறம் நீலமும் பச்சையும் கலந்ததோர் இடைநிறம். தன்னைத் தானே செலுத்தும் வண்டிக்கு அடையாளமாக அந்நிறத்தையே அமெரிக்க மோட்டார்ப் பொறியியலார் சங்கம் பரிந்துரைத்துள்ளது. 2023இல் கலிபோர்னியா, நெவாடா ஆகிய இரு நாடுகளில் மெர்சிடிஸ் கார்கள் அவ்விளக்கை இடுதற்கு இசைவு பெற்றன. அவ்விளக்கு “இப்பொழுது ஓட்டுவது பொறி” என்பதை மட்டுமே அறிவிக்கும்; நிற்குமா செல்லுமா என்பதை அறிவியாது.

ஒலியைப் பற்றிய முறையே இவற்றுள் எல்லாம் முதலில் விதியாயிற்று. மின்சாரக் கார் மெல்லென வருதலின் அதன் வரவு செவிக்குப் புலனாவதில்லை. கண்ணிழந்தோர் இதனாற் பெரிதும் இடருறுவர். ஆகவே 20 கிலோமீட்டர் வேகம் வரையில் மின்சாரக் கார்கள் செயற்கையொலி எழுப்பவேண்டும் என ஐரோப்பிய ஒன்றியத்தார் 2019இற் புதுவகைக் கார்களுக்கும், 2021இல் விற்கப்படும் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் விதித்தனர். நம் அரசாங்கத்தாரும் 2025இல் இத்தகைய விதிக்கு வரைவொன்றை வெளியிட்டனர்.

இவ்வளவும் கேட்டபின், தமிழிலக்கணம் பயில்வாராகிய எமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. வண்டி பேசட்டும், ஆயின் எவ்விடத்துச் சொல்லாற் பேசவேண்டும்? தன்மையிலா, முன்னிலையிலா? “நிற்கின்றேன்” என்பது தன்மை வினைமுற்று. “கடந்து செல்க” என்பது முன்னிலையாரை நோக்கிய வியங்கோள். நிசான் மாதிரியின் எழுத்தும், மெர்சிடிஸ் மாதிரியின் தரைக்கோடும் இப்பிற்கூறிய வகையைச் சார்ந்தன. அவை பண்புடைய பேச்சேயெனினும், அவற்றில் ஓர் அபாயம் மறைந்துள்ளது. வண்டி தன் நிலைக்கு மட்டுமே பொறுப்பேற்றற்குரியது. அது நின்று, “செல்க” என்றபொழுது, அதன் இடப்புறத்தே ஒரு மோட்டார் சைக்கிள் முந்தி வரலாம். எதிர்ச்சாரியில் ஒரு டிப்பர் லாரி வரலாம். “செல்க” என்ற சொல்லை நம்பி அடியெடுத்து வைத்த மூதாட்டிக்கு நேர்வதற்கு யார் பொறுப்பு? “நிற்கின்றேன்” என்று தன்மையிற் கூறின், கடப்பவர் அதனையும் கேட்டு, மற்றவற்றையும் தாமே நோக்கித் துணிவர். ஏவும் உரிமை வண்டிக்கு இல்லை. தன்னை வெளிப்படுத்தும் கடமையே உண்டு. இத்துறையை ஆராய்வார் பலரும் இக்கொள்கையினரே. உலகத் தரநிர்ணய நிறுவனமும் 2018இல் இப்பொருள் பற்றித் தனி அறிக்கையொன்றை வெளியிட்டமை, இது சிறு பொருளன்று என்பதைக் காட்டும்.

அடுத்த வினா, எம்மொழியிற் பேசுவது என்பது. ஒரகடத்துச் சாலையோரத்தே நிற்பார் கூட்டத்திற் றமிழ் படிப்பாரும், இந்தி படிப்பாரும், ஒடியா, வங்காளி, அசாமி படிப்பாரும், எழுத்தே அறியாரும் கலந்து நிற்பர். அவருக்கு ஆங்கிலப் பலகை என் செய்யும்? தமிழ்ப் பலகையும் ஒரு பகுதியாருக்கே பயன்படும். எழுத்தை வாசித்தற்கு நொடிப்பொழுது வேண்டும், கொளுத்தும் வெயிலில் அவ்வெழுத்து மங்கும், மழையிற் கலங்கும். தரையில் வரையும் ஒளிக்கோடு நண்பகலில் தோன்றாது. நிறத்தை வேறுபடுத்தியறியும் ஆற்றல் எல்லாக் கண்களுக்கும் ஒத்ததன்று. ஆகவே கற்றோர்க்கு மட்டும் விளங்கும் குறி, சாலைக்குரிய குறியாகாது. சாலையின் மொழி யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும்.

அங்ஙனம் பொதுவாய மொழி யாதேனும் உண்டோ எனின், உண்டு. அது வண்டியின் நடையே. நடப்பார் பெரும்பாலும் விளக்கையோ முகத்தையோ பார்த்துத் துணிவதில்லை. வண்டியின் தொலைவையும் வேகத்தையும் பார்த்தே துணிகின்றனர் என்று ஆராய்ச்சிகள் பல காட்டுகின்றன. இதனைக் கணக்கினாலும் காணலாம். இருவண்டி செல்லும் சாலையின் அகலம் 7 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் அதனைக் கடக்க ஏறத்தாழ 6 நொடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அவ்வாறு நொடியில் ஏறத்தாழ 100 மீட்டர் ஓடிவரும். ஆகவே 100 மீட்டருக்கு அப்பாலிருக்கும்பொழுதே நடப்பவர் தம் முடிவைச் செய்துவிடல் வேண்டும். அத்தொலைவில் வண்டியின் எழுத்தும் தெரியாது, கண்ணும் தெரியாது. தெரிவது ஒன்றே: அது வேகங் குறைகின்றதா, இல்லையா என்பது. முன்கூட்டியே, ஐயத்துக்கு இடமின்றி, மெல்ல வேகங் குறைக்கும் வண்டி, “உம்மைக் கண்டேன், நிற்கின்றேன்” என்பதை எல்லா மொழியிலும் ஒருங்கே கூறியதாகும். கடைசி நொடியில் திடுமெனப் பிரேக் பிடித்து நிற்கும் வண்டி, இறுதியில் நின்றதேனும், இடையில் பொய்யுரைத்ததாகும். ஒளியும் ஒலியும் அந்நடைக்கு உரையாதற்கு உரியன. மூலமாதற்கு உரியன அல்ல.

இனி, பேச்சு ஒருபாற்பட்டதன்று; நடப்பவர் கூறுவதை வண்டியும் கேட்டல் வேண்டும். உயர்த்திய உள்ளங்கையை அது அறிதல் வேண்டும். முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடும் குழந்தை தாயை விட்டு முன்னே பாயக்கூடும் என்பதையும், முதல் ஆடு கடந்தால் மந்தை முழுதும் தொடரும் என்பதையும் அது கற்றல் வேண்டும். பொறிகளுக்குக் கல்வி படங்களாலே ஆவது. அயல்நாட்டுச் சாலைப் படங்களைக் கற்ற பொறிக்கு ஆட்டோ ரிக்ஷா புதுமையாய்த் தோன்றும். இக்குறையை நீக்க, 2018இல் ஹைதராபாத்து ஐ.ஐ.ஐ.டி. அறிஞர், ஹைதராபாத்து, பெங்களூர்ப் பக்கத்துச் சாலைகளிற் பிடித்த ஏறத்தாழ 10,000 படங்களைத் தொகுத்து, ஆட்டோ, விலங்கு முதலியவற்றுக்கும் பெயரிட்டு உலகத்தார்க்கு வழங்கினர். 2022இல் ஹைதராபாத்து ஐ.ஐ.டி.யில் டிஹான் என்னும் சோதனைக்களமும் ஓட்டுநரில்லா ஊர்திகளுக்கெனத் திறக்கப்பட்டது. நம் நடைமக்களின் மெய்ப்பாடுகளும் இங்ஙனமே ஆராய்ந்து தொகுக்கப்படல் வேண்டும். அதற்கு ஒரகடத்துச் சாலையினும் ஏற்ற பள்ளிக்கூடம் வேறில்லை என்பது எம் கருத்து.

ஈண்டு ஒரு தடை எழலாம். வண்டி எப்பொழுதும் நிற்கும் என்பது தெரிந்துவிட்டால், மக்கள் அச்சமின்றி ஓயாது கடப்பர், வண்டிகள் நகரமாட்டா, ஆதலின் சாலையோரத்தே வேலியிட்டு நடப்பாரை விலக்குதலே வழி என்று கூறுவார் உளராவர். இவ்வெண்ணம் மோட்டார் வண்டியின் வரலாறு முழுதும் பலகாலும் தலைதூக்கியது. வண்டிக்கு வசதியாக மனிதனைத் திருத்துவதா, மனிதனுக்கு ஏற்ப வண்டியைத் திருத்துவதா என்பதே இதன் உட்கிடை. ஆலையில் எட்டுமணி நேரம் நின்று உழைத்த ஒருவர், எதிரே தெரியும் விடுதிக்குச் செல்ல அரைக்கல் தொலைவு சுற்றி நடக்கவேண்டும் என்பது நீதியாகாது. கடப்பாருக்கு அண்மையிற் கடவைகளும், இரவில் நல்ல விளக்குகளும், நடத்தற்குத் தனிவழியும் அமைப்பின், அவர் ஓயாது கண்டவிடத்தெல்லாம் கடவார். வண்டிகளும் இடையறாது நிற்கவேண்டி வாரா. பேசும் வண்டி வந்துவிட்டது என்று கூறி, இவற்றைச் செய்யாது விடுதல் பெருந்தவறாம். ஒளிரும் பட்டை நடைபாதைக்கு ஈடாகாது.

ஆதலின், நாம் வேண்டுவன மூன்று. ஒன்று, ஊர்தி நடப்பாரை ஏவாது, தன் கருத்தைத் தன்மையிற் புலப்படுத்துக. இரண்டு, அப்புலப்பாடு முதற்கண் அதன் நடையாலும், அதன்பின் யாவர்க்கும் விளங்கும் ஒளி ஒலிகளாலும் அமைக. மூன்று, இக்குறிகளைச் சட்டமாக்குமுன், ஒரகடத்து ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களிற் பொறியியல் வல்லாரை மட்டும் வைத்துச் சோதியாது, மூதாட்டியரையும், பிள்ளைகளையும், கண்ணிழந்தோரையும், நேற்று வந்திறங்கிய வடநாட்டுத் தொழிலாளரையும் அழைத்துச் சோதிக்க. அவர் புரிந்துகொண்டால் அக்குறி குறியாம். அவர் புரிந்துகொள்ளாராயின் குற்றம் அவருடையதன்று, குறியினுடையதாம்.

அஃறிணைப் பொருள்கள் பேசுவனவாகப் பாடும் வழக்கினை நம் புலவர் பண்டே மேற்கொண்டனர்; இலக்கணமுடையாரும் அதனை மரபென்று உடன்பட்டனர். அன்று கற்பனையாயிருந்தது இன்று தொழிற்சாலையில் உண்மையாகி வருகின்றது. அப்பேச்சை வகுக்கும் வேலை பொறியியலாரிடத்தே மட்டும் விடத்தக்கதன்று. சொல்லும் பொருளும் கற்பாருக்கும் அதிற் பங்குண்டு. நம் கல்லூரித் தோழருட் சிலர் இத்துறையை மேலும் ஆராய முன்வருவாராயின், சாலையோரத்தே காலடி எடுத்து வைக்க அஞ்சி நிற்கும் எளியோர்க்கு அது செய்நன்றியாம்.